கத்தி எடுக்கும் முன் கிளினிக் கொப்பிகளை ஒன்றாக விரியுங்கள்

கொட்டாஞ்சேனையில் சில்லறைக் கடை வைத்திருக்கும், அறுபதைத் தாண்டிய ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் கறுத்துப் போகிறது. உடம்பெல்லாம் அரிப்பு. இரண்டு மாதத்தில் காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். வயிறு நோகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். வீட்டில் செங்கமாரி என்று நினைத்துக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தாயிற்று. இறைச்சியும் பொரியலும் நிறுத்தியாயிற்று. குறையவில்லை என்றதும் ஸ்கேன் எடுக்கிறார்கள். சதையியின் தலைப்பகுதி வீங்கிப் பித்தக் குழாயை நெரித்துக்கொண்டிருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையோடு சனல் பண்ணிய டொக்டர் முன்னால் மகன் உட்காரும்போது அறையில் எழும் சொல் ஒன்றுதான்: கான்சர்.

பெரும்பாலும் அந்தச் சொல் சரியாகவே இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சதையிப் புற்றுநோய் இரக்கமில்லாதது. வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே நோய் கண்டவர்களில் ஐந்து ஆண்டுகள் கடந்து உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேரளவில்தான். தொடக்கத்திலேயே வெட்டி எடுக்க முடிந்தவர்களுக்குத்தான் ஓரளவு வாய்ப்பு. சத்திரசிகிச்சை நிபுணர் அவசரப்படுகிறார் என்றால் அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அதே மஞ்சள் கண்ணோடும் அதே வீங்கிய சதையியோடும் வருபவர்களில் ஒரு சிலருக்கு இருப்பது புற்றுநோயே இல்லை. ஒசுசலவிலும் தெருமுனைப் பாமசியிலும் கிடைக்கும் விலை குறைந்த குளிசையால் சில வாரங்களில் வற்றிப்போகும் வீக்கம் அது. தன்னெதிர்ப்புச் சதையி அழற்சி என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் கணைய அழற்சி என்பார்கள். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி தன் உடலையே தாக்கும் நோய்களில் இதுவும் ஒன்று.

இந்த நோயில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகை இளவயதினரிடம், சிலருக்குப் பெருங்குடல் புண் நோயோடு சேர்ந்து வருவது, சதையியோடு நின்றுவிடும். நான் இங்கே பேசுவது முதல் வகையைப் பற்றி. அது பெரும்பாலும் ஐம்பது அறுபது வயது கடந்த ஆண்களுக்கு வருகிறது. பிளாஸ்மா கலங்கள் கூட்டமாக வந்து இழையத்துக்குள் குடியேறுகின்றன. அவை ஐஜிஜி4 என்ற பிறபொருளெதிரியைச் சுரப்பவை. நாளடைவில் அந்த இடம் நாராகி இறுகுகிறது, அருகிலுள்ள சிறு நாளங்கள் அடைபடுகின்றன. சதையியில் தொடங்கியது சதையியோடு நிற்பதில்லை. பித்தக் குழாய், உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், நுரையீரல், நிணநீர்க் கணு, பெருநாடியின் சுவர், புரொஸ்டேட், தைரொயிட் என்று எங்கே வேண்டுமானாலும் அதே கலங்கள், அதே நார். சிலருக்கு எல்லாம் ஒரே காலத்தில் வரும். சிலருக்குப் பல ஆண்டு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வரும்.

ஒரு சிலர் என்றேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நோயியல் நிபுணர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சதையியின் தலையை அகற்றும் விப்பிள் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 442 பேரின் இழையங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 47 பேரிடம் புற்றுநோய் இருக்கவில்லை. அவர்களில் 11 பேருக்கு இருந்தது இந்தத் தன்னெதிர்ப்பு அழற்சி. நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்று வையுங்கள். சிறிய எண்தான். ஆனால் விப்பிள் என்றால் என்னவென்று தெரிந்தால் அந்த எண் சிறியதாகத் தோன்றாது. சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையின் அடிப்பகுதியும் போகும். எஞ்சியவற்றைப் புதிதாக இணைத்துத் தைப்பார்கள். மணிக்கணக்கில் நீளும் வேலை. கைதேர்ந்த குழுவிடம்கூட மூன்றில் ஒருவருக்காவது பிறகு ஏதாவது சிக்கல் வருகிறது. குளிசை குடித்தால் போதுமாக இருந்த மனிதருக்கு இது நடக்கிறது என்றால், அந்த ஒருவருக்காகவும் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இந்த நோயை மருத்துவ உலகம் கண்டுபிடித்த விதத்திலேயே நமக்கொரு பாடம் கிடக்கிறது. 1888இல் யொஹான் மிக்குலிச் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இருபக்கமும் வீங்கிய ஒரு விவசாயியைப் பற்றிப் பேசினார். அது மிக்குலிச் நோய் ஆனது. 1896இல் ஜெர்மனியில் ஒருவர் தாடைக்குக் கீழுள்ள சுரப்பி கல்லாக இறுகுவதை எழுதினார். அது கியூட்னர் கட்டி. அதே ஆண்டு இன்னொருவர் தைரொயிட் இறுகுவதை எழுதினார். அது ரீடல் நோய். 1948இல் ஓர்மொண்ட் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் நிபுணர், முதுகுப்புறமாக வளரும் நார் சிறுநீர்க் குழாய்களை நெரிப்பதை விவரித்தார். அதற்கும் அவர் பெயரே வந்தது. 1961இல் பிரான்சில் சார்ல் என்பவர் குழுவினர், மதுவோடு தொடர்பில்லாத ஒரு சதையி அழற்சியில் இரத்தத்தின் காமா குளோபுலின் கூடியிருப்பதைக் கவனித்தார்கள். 1995இல் ஜப்பானின் யொஷிதா குழு அதற்குத் தன்னெதிர்ப்பு என்ற அடைமொழியைக் கொடுத்தது. இவ்வளவு காலமும் கண் பார்த்தவர் கண்ணை எழுதினார், கழுத்துப் பார்த்தவர் கழுத்தை எழுதினார்.

திருப்பம் 2001இல் வந்தது. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹமானோவும் சகாக்களும் இப்படியான சதையி நோயாளர் 20 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நலமானவர்களிடம் ஐஜிஜி4 ஒரு டெசிலீற்றருக்கு 51 மில்லிகிராம் அளவில் இருந்தது, இவர்களிடம் 663. இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோவின் கொமகொமே வைத்தியசாலையைச் சேர்ந்த கமிசாவா, இந்நோயாளரின் மற்ற உறுப்புகளிலும் அதே கலங்கள் நிறைந்திருப்பதைக் காட்டி, இது உடல் முழுவதுக்குமான ஒரே நோய் என்று சொன்னார். 2011இல் பொஸ்டனில் கூடிய நிபுணர்கள் எல்லாவற்றையும் ஐஜிஜி4 சார்ந்த நோய் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். மிக்குலிச்சின் விவசாயியிலிருந்து அங்கே வந்து சேர நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. உறுப்புக்கொரு வைத்தியர் என்ற பிரிவினைதான் இத்தனை தாமதத்துக்கும் பெரும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே பிரிவினைக்குள்தான் இன்றைய கொழும்பு நோயாளி வாழ்கிறார். வெள்ளவத்தை காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு மேல் எந்தச் சனலிங் நிலையத்திலும் போய்ப் பாருங்கள். இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு சிலிசிலிப் பை. பைக்குள் பெரிய ஸ்கேன் உறை, மடித்து மடித்துக் கிழிந்த டயக்னோசிஸ் கார்ட், எழுத்து மங்கத் தொடங்கிய இரத்த அறிக்கைகள், ஓரம் சுருண்ட கிளினிக் கொப்பி. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, களுபோவிலைக்கு இன்னொன்று. சனல் பண்ணிய டொக்டர் எழுதித் தந்த துண்டுகள் எதிலும் ஒட்டப்படாமல் தனியே கிடக்கும். இன்றைக்குப் பார்க்கப்போவது வயிற்று டொக்டர் என்றால் வயிற்றுச் சம்பந்தப்பட்ட தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

நான் தொடக்கத்தில் சொன்ன கடைக்காரரின் அலுமாரியில் என்னென்ன கிடக்கலாம் என்று பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முன் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உருண்டைகள் வந்தன; நோவில்லாததால் பார்த்த வைத்தியர் விட்டுவிட்டார். கண் இமை வீங்கியபோது ஒவ்வாமை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். சிறுநீர் தடைப்பட்டபோது வயசு என்றார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் கொஞ்சம் கூடியிருந்தது. பிரஷரால்தான் என்று குளிசை எழுதியதோடு அது போயிற்று. சலரோகம் புதிதாகப் பிடித்தது. இந்த நகரத்தில் அந்த வயதில் சலரோகம் வந்தால் யார்தான் காரணம் தேடப் போகிறார்கள்? ஐந்து தாள், ஐந்து வைத்தியர். ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சரியாகவே பார்த்திருக்கக்கூடும். ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பி வைத்திருந்தால் நல்ல வைத்தியர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

மொழியும் இதில் சேர்கிறது. டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும். கிளினிக்கில் கேள்வி சிங்களத்தில் வரும். ஜிந்துப்பிட்டியிலிருந்தோ ஆமர் வீதியிலிருந்தோ போன தமிழர் தெரிந்த சிங்களத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழும்பிவிடுவார். மூன்று ஆண்டுக்கு முந்திய தாடை உருண்டையைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. இந்த நோயிலோ நோய்க்கணிப்பின் பாதி அந்தக் கதைக்குள் இருக்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. சதையி பழுதென்றால் நம் ஊரில் குடிகாரன் என்ற முத்திரை உடனே விழும். நாட்பட்ட சதையி அழற்சிக்கு மது பெரிய காரணம்தான். தன்னெதிர்ப்பு வகைக்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை. ஒருநாளும் குடிக்காத மனிதர், வார்ட்டில் வந்து பார்க்கிற உறவினர் எல்லாரிடமும் நான் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ண வேண்டியிருப்பது நோயைவிடப் பெரிய வதை.

நோய்க்கணிப்பு எப்படி என்பதையும் பார்ப்போம். ஐஜிஜி4 இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. 135 மில்லிகிராமுக்கு மேல் என்றால் சந்தேகம். அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் சதையிப் புற்றுநோய் உள்ளவர்களிலும் பத்தில் ஒருவரிடம் இந்த அளவு கூடியிருக்கலாம். மறுபக்கம், உண்மையாகவே தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களில் நாலில் ஒருவர் அளவில் இரத்தத்தில் அது வழக்கமான அளவிலேயே இருக்கும். புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 19-9 இரண்டு நோயிலும் ஏறக்கூடும். ஆகவே ஸ்கேனைப் பார்க்க வேண்டும். தன்னெதிர்ப்பு நோயில் பெரும்பாலும் சதையி முழுவதும் மடிப்பிழந்து சொசேஜ் போல வழவழப்பாக வீங்கியிருக்கும். சிலரிடம் அதைச் சுற்றி உறை மாதிரி ஒரு விளிம்பு தெரியும். சதையிக் குழாய் நீளத்துக்கு ஒடுங்கியிருக்கும். புற்றுநோயில் வழக்கமாக நடப்பதுபோல் அடைப்புக்குப் பின்னால் குழாய் விரிந்திருக்காது. பிறகு என்டொஸ்கொபி வழியாக ஒலியலை ஸ்கேன் பார்த்து ஊசியால் இழையம் எடுப்பது. அதற்கு மேல், மற்ற உறுப்புகள்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு வரிசையாக்கியவர்களில் முக்கியமானவர் சுரேஷ் சாரி. மேயோ கிளினிக்கில் அவரது குழு 2006இல் வெளியிட்ட அளவுகோலில் ஐந்து சங்கதிகள்: இழையம், ஸ்கேன், இரத்தம், மற்ற உறுப்புகள், ஸ்டீரொயிட்டுக்கு உடல் காட்டும் பதில். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் சதையி நோயாளர்களைப் பற்றிச் சென்னை வைத்தியர்களோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான் என்பது நமக்கு ஒரு நெருக்கத்தைத் தருகிறது. மற்ற உறுப்புகளுக்கு அந்த அளவுகோலில் தனி இடம் கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். தாடை உருண்டையைக் கையால் தடவிப் பார்ப்பதற்குச் செலவில்லை. அந்த உருண்டையிலிருந்து சிறிது இழையம் எடுப்பது சதையிக்குள் ஊசி விடுவதைவிட எவ்வளவோ எளிது.

ஐந்தாவது சங்கதியில்தான் ஆபத்து இருக்கிறது. புற்றுநோய் இல்லை என்று இயன்றவரை உறுதிப்படுத்திய பின், பிரெட்னிசொலோன் வழக்கமாக நாளொன்றுக்கு 30 முதல் 40 மில்லிகிராம் கொடுத்து, இரண்டு வாரத்தில் திரும்ப ஸ்கேன் எடுக்கிறார்கள். தன்னெதிர்ப்பு நோயானால் வீக்கம் கண்ணுக்குத் தெரிய வற்றியிருக்கும். வற்றவில்லையானால் தாமதிக்காமல் சத்திரசிகிச்சைப் பக்கம் திரும்ப வேண்டும். இது நிபுணர் குழு நாட்காட்டியை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. யாரோ சொன்னார் என்று பாமசியில் ஸ்டீரொயிட் வாங்கிக் குடித்துப் பார்ப்பவர், புற்றுநோய்க்கு மாதங்களைத் தானம் செய்கிறார். நாட்டில் காசநோயாளர் அதிகம் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோயை ஸ்டீரொயிட் எழுப்பிவிடும். சலரோகத்தை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். நெஞ்சு எக்ஸ்ரே, சீனி அளவு எல்லாம் பார்க்காமல் இந்தக் குளிசையைத் தொடங்கவே கூடாது. தொடங்கிய பின் தாமாக நிறுத்தவும் கூடாது; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆகவே நான் சுகாதார அமைச்சிடம் கேட்பவை பெரிய கட்டடங்களோ வெளிநாட்டு இயந்திரங்களோ இல்லை. சதையியில் வீக்கம் என்று சத்திரசிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படும் ஒவ்வொருவரின் ஸ்கேனையும், நாள் குறிப்பதற்கு முன் கதிரியக்க நிபுணர், குடல் ஈரல் வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், நோயியல் நிபுணர் நால்வரும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும். அப்படிக் கூட்டம் நடக்கும் போதனா வைத்தியசாலைகள் உண்டு. தனியார் வைத்தியசாலையில் படுக்கும் நோயாளிக்கும் அது கிடைக்க வேண்டும். ஐஜிஜி4 பரிசோதனை அரச வைத்தியசாலை நோயாளிக்குப் பணமில்லாமல் நடக்க வேண்டும். வெளி ஆய்வுகூடத்தில் செய்துகொண்டு வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தால், கொட்டாஞ்சேனை நாட்டாமைத் தொழிலாளி அந்தத் துண்டோடு வீட்டுக்குப் போய்விடுவார். மூன்றாவது, ஒருவருக்கு ஒரே பதிவு. சனல் பண்ணினாலும் கிளினிக் போனாலும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

இதெல்லாம் அரிய நோய், இதற்கா இவ்வளவு ஏற்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானில் நாடளாவிய கணக்கெடுப்பில் 2011இல் இந்நோயாளர் 5,745 பேர் என்று மதிப்பிட்டார்கள். 2016இல் அது 13,436. ஐந்து ஆண்டில் ஜப்பானியரின் உடம்பு மாறிவிடவில்லை. வைத்தியர்கள் தேடத் தொடங்கினார்கள். தேடுகிறவர் கண்ணுக்குத்தான் இது தட்டுப்படும்.

மருந்துப் பக்கம் உலகம் வேகமாக நகர்கிறது. ஸ்டீரொயிட்டைக் குறைக்கும்போது பலருக்கு நோய் திரும்புகிறது. அப்போது ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி பயன்படுகிறது. 2024இல் வெளியான, 135 பேர் பங்குபற்றிய பரிசோதனையில் இனெபிலிசுமாப் என்ற புதிய ஊசி நோய் திரும்பும் அபாயத்தை 87 சதவீதம் குறைத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. 2022இல் சாதாரண மருந்துக்கே வரிசையில் நின்ற நாடு இது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி வைத்தியசாலைக்குள்ளேயே வந்து சேர்ந்த நாடு. இந்த விலையுயர்ந்த ஊசிகள் நம் நோயாளிக்கு எட்டும்வரை, பழைய பிரெட்னிசொலோனையாவது சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுப்பது நம்மால் முடிகிற காரியம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது. சதையியில் கட்டி என்று கேட்டவுடன் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அழைப்புப் போகிறது, நகை அடகுக்குப் போகிறது, சென்னைக்கு டிக்கெட் பார்க்கிறோம். அதற்கு முதல் ஒரு பின்னேரம் எல்லாரும் இருந்து பழைய தாள்களைத் தேடுங்கள். பத்து ஆண்டுத் தாள்கள், ஆண்டு வாரியாக, ஒரே கோப்பில். கண் வீங்கியதா, வாய் உலர்கிறதா, தாடையில் உருண்டை வந்ததா, ஆஸ்துமாவும் மூக்கடைப்பும் உண்டா, சலரோகம் எந்த ஆண்டு பிடித்தது என்று அப்பாவிடம் தமிழிலேயே ஆறுதலாகக் கேட்டு, தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுவியுங்கள். டொக்டரிடம், “தன்னெதிர்ப்பு நோயாக இருக்குமா என்று பார்த்தீர்களா?” என்று கேட்பது மரியாதைக் குறைவான காரியமில்லை. நல்ல வைத்தியர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

கடைசியாக, ஏற்கெனவே வெட்டப்பட்டவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சதையியின் தலையை எடுத்துவிட்டு, பிறகு, “நல்லகாலம், கான்சர் இல்லை, வெறும் அழற்சிதான்,” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இந்த நகரத்தில் இருக்கக்கூடும். சதையி போனாலும் அந்த நோய் சிறுநீரகத்திலோ பித்தக் குழாயிலோ மெதுவாக வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். அறுத்தெடுத்த இழையத்தை மெழுகுக் கட்டிக்குள் வைத்து நோயியல் ஆய்வுகூடங்கள் ஆண்டுக்கணக்கில் பேணுவது வழக்கம். அந்தக் கட்டியிலிருந்து புதிதாக மெல்லிய சீவல் எடுத்து ஐஜிஜி4க்குச் சாயமேற்றிப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நோயியல் அறிக்கையின் இலக்கத்தையும் சத்திரசிகிச்சை நடந்த ஆண்டையும் குறித்துக்கொண்டு, அடுத்த கிளினிக் நாளில் அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிரியற்றினினும் ஈரல் பரிசோதனையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.